நாற்பதைத் தாண்டி ஓடுகிறவர்களுக்கு: எங்கே வலிக்கிறது, எதை முதலில் பார்ப்பது

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் விடியற்காலை நாலரைக்கு ஷூ கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர். சும்மா உடம்பு இளைக்க ஓடுகிறவர்களைச் சொல்லவில்லை. அடுத்த ஹாஃப் மாரத்தானில் வயதுப் பிரிவில் மேடை ஏற வேண்டும் என்று நேரம் பார்த்து ஓடுகிறவர்களைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் மூத்தவன் நான்தான். அதனால் "அண்ணே, இங்க பிடிக்குது" என்ற பேச்சு முதலில் என்னிடம் வரும். வருவது திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். காசு செலவில்லாத காரணம் முதலில், ஸ்கேன் கடைசியில். எந்த இடத்தில் சொந்த வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பதும் அங்கங்கே இருக்கிறது. உங்களுக்கு உள்ள அறிகுறியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் படியுங்கள்.

## நெஞ்சு அடைக்கிறது, கண் இருட்டுகிறது, திடீரென்று மூச்சு வாங்குகிறது

இதற்கு மட்டும் எளிய காரணம், பெரிய காரணம் என்ற வரிசை கிடையாது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ மேல்வயிற்றுக்கோ பரவும் வலி, வழக்கமான வேகத்திலேயே மூச்சு முட்டுவது, மயக்கம். இதில் ஒன்று வந்தாலும் நில்லுங்கள், உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நாமே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலை வேண்டாம். நம் பக்கத்தில் இதற்கு உடனே "வாயு" என்று பெயர் வைத்து சோடா வாங்கிக் கொடுப்பார்கள். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்பார்கள். நம்பாதீர்கள்.

### ஓடினால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது

நின்றதும் போய்விடுகிறதே என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். சந்தேகப்பட வேண்டியதே இதைத்தான். அன்றைக்கே இதய மருத்துவரிடம் போக வேண்டும். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி நன்றாக இருந்தாலே இதயத்தில் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. ட்ரெட்மில் டெஸ்ட் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

### அறிகுறி எதுவும் இல்லை, போட்டிக்குத் தயாராகிறேன்

பிபி, சுகர், கொழுப்பு, ஈசிஜி நான்கையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், இன்டர்வல் பயிற்சியை (கொஞ்ச தூரம் வேகமாக, பிறகு மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடுவது) தொடும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சிகரெட், சுகர் உள்ளவர்களுக்கும் இதேதான்.

## காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் குதிகால் குத்துகிறது

எங்கள் குழுவில் அதிகம் வரும் புகார் இது. முதல் பத்து அடி நொண்டி, பிறகு குறைந்து, சாயங்காலம் திரும்ப வரும்.

முதலில் ஷூவைப் பாருங்கள். திண்ணையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கண் மட்டத்தில் பார்த்தால் குதிப்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். கட்டைவிரலால் நடு அடிப்பகுதியை அழுத்துங்கள். உள்ளே போகாமல் மரம் போல இருந்தால் அந்த ஷூவின் ஆயுள் முடிந்தது. பொதுவாக 500-லிருந்து 800 கிலோமீட்டர் வரை வரும். மேல்துணி கிழியவில்லை என்பதற்காக அதிலேயே ஓடக் கூடாது.

ஷூ நன்றாக இருந்தால் அடுத்து வீட்டுத் தரை. ஓடுவது ஒரு மணி நேரம். மீதி நாள் முழுக்க மொசைக்கிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு நடக்கிறோம். வலி இருக்கும்வரை வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பூஜை அறைக்குள் கழற்றிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அதற்கும் அடுத்தது, சமீபத்தில் வார தூரத்தைத் திடீரென்று ஏற்றினீர்களா, கெண்டைக்கால் விறைத்திருக்கிறதா என்பது. தரையில் காலை ஊன்றுவதற்கு முன், கட்டிலிலேயே உட்கார்ந்து கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. கெண்டைக்காலைச் சுவரில் சாய்ந்து நீட்டுவதும் சேரட்டும். இது மாதக்கணக்கில் ஆறுகிற சமாச்சாரம். ஒரு வாரம் செய்துவிட்டு "கேட்கல அண்ணே" என்றால் நான் என்ன செய்வது?

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றால் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது.

### டாக்டர் எப்போது

குதிகால் எலும்பை இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அழுத்தினால் உயிர் போகிறது என்றால், எலும்பில் கீறல் விட்டிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போனாலும், தூக்கத்தில் வலித்தாலும், இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டாலும் அப்படியே. இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரைமணிக்கு மேல் விறைத்திருந்தால் அது ஓட்டத்தால் வந்ததாக இருக்காது. வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## குதிகாலுக்கு மேல், பின்பக்கத் தசைநார் வலிக்கிறது

கையால் தடவி எந்த இடம் என்று முதலில் கண்டுபிடியுங்கள், ஏனென்றால் பயிற்சி மாறும்.

குதிகாலிலிருந்து மூன்று நான்கு விரல்கடை மேலே தடித்து வலித்தால்: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குவது. முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று முறை, மடக்கி 15 வீதம் மூன்று முறை, காலை மாலை இரு வேளை, 12 வாரம். கொஞ்சம் வலித்தாலும் செய்யலாம். நொண்ட வைக்கும் வலி என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலித்தால்: அதே பயிற்சிதான், ஆனால் சமதரையில். படிக்குக் கீழே இறக்கினால் வலி அதிகமாகத்தான் செய்யும்.

இங்கே இன்னொரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்க் கடுப்புக்கோ மெடிக்கலில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை வாங்கிப் போட்டீர்களா? இந்த வகைக்குத் தசைநாரைப் பலவீனப்படுத்தும் பக்கவிளைவு உண்டு, வயது ஏற ஏற அது கூடும். அதைச் சாப்பிடும்போது வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி "டப்" என்று விட்டுப்போனதா? குப்புறப் படுத்து, வேறு ஒருவரைக் கெண்டைக்காலைப் பிசையச் சொல்லுங்கள். பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் தசைநார் அறுந்திருக்கிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

## முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது

ஒரு விரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வாருங்கள்.

ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் சுமை கூடிப்போனதுதான். தூரத்தைப் பாதியாக்கி, சிமென்ட் ரோட்டை விட்டு ஆற்றங்கரை மண்பாதைக்கு இரண்டு வாரம் மாறுங்கள்.

காலணா அளவு ஒரே இடத்தில் சுள்ளென்று வலித்து, அந்தக் காலில் குதித்தால் அதே இடத்தில் தெறித்தால், எலும்புக் கீறலைச் சந்தேகியுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லி அடுத்த ஞாயிறு லாங் ரன் போகிறவர்கள்தான் கடைசியில் மூன்று மாதம் உட்காருகிறார்கள். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்வது நல்லது. தைலம் போட்டு நீவி விடுகிறவரிடம் இந்தக் காலைக் கொண்டுபோகவே கூடாது.

## முழங்கால்

### முன்பக்கம், படி இறங்கும்போது வலிக்கிறது

நம் பக்கம் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான் உண்டு. மேட்டுப் பயிற்சிக்கு எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். ஏறுவது நல்லது. முழங்காலைக் கெடுப்பது இறங்கும்போது போடுகிற வேகம். ஏறி ஓடுங்கள், இறங்கும்போது நடங்கள். அதோடு தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி வாரம் இரண்டு நாள். இதை மட்டும் எங்கள் ஆட்கள் யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஓடச் சொன்னால் திருவையாறு வரை ஓடுவார்கள், வீட்டில் ஸ்குவாட் போடச் சொன்னால் சிரிப்பார்கள்.

### வெளிப்பக்கம், குறிப்பிட்ட தூரத்துக்குப் பிறகு வலிக்கிறது

நாலாவது கிலோமீட்டரோ ஆறாவதோ, தினமும் கிட்டத்தட்ட அதே இடத்தில், எப்போதும் அதே காலில் வந்தால் ரோட்டைச் சந்தேகியுங்கள். நம் ரோடுகள் தண்ணீர் வடிய நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிவாக இருக்கும். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்று வலது ஓரமாகவே ஓடுகிறோம், வலது கால் எப்போதும் பள்ளத்தில். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும்போது இன்னும் ஓரத்துக்கு ஒதுங்குகிறோம். ஒரு வாரம் பள்ளி மைதானத்திலோ வாய்க்கால் கரையிலோ ஓடிப் பாருங்கள். வலி வரவில்லை என்றால் காரணம் தெரிந்துவிட்டது. மைதானத்திலும் ஒரே திசையில் சுற்றாமல் பாதியில் திரும்பிச் சுற்றுங்கள்.

### வீங்குகிறது, மாட்டிக்கொள்கிறது, காலை வாரிவிடுகிறது

சொந்த வைத்தியம் இத்தோடு நிறுத்தம். எலும்பு மருத்துவர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்புப் பிரிவு இருக்கிறது, செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். வீக்கத்தோடு சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே.

ஒன்று மட்டும்: ஐம்பது வயதில் எம்ஆர்ஐ எடுத்தால் முழங்கால் சவ்வில் கிழிசல் என்று வருவது சகஜம், வலி இல்லாதவர்களுக்கும் வரும். ரிப்போர்ட்டைப் பார்த்து உடனே ஆபரேஷனுக்கு நாள் குறிக்காமல், பிசியோ பயிற்சிக்குச் சில மாதம் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

## கணுக்கால் பிசகிவிட்டது

நாலு அடி ஊன்றி நடக்க முடிகிறதா? கணுக்கால் முட்டிகளின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கவில்லையா? நடக்க முடிந்து, எலும்பிலும் வலி இல்லை என்றால் ஐஸ், கட்டு, ஓய்வு. நடக்க முடியாவிட்டாலோ எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் சுளுக்கு எடுப்பவர் பக்கமே போக வேண்டும்.

## பழைய வேகம் ஓட முடியவில்லை, கால் கனக்கிறது

காரணங்கள் நிறைய உள்ள அறிகுறி இதுதான். வரிசை தப்பாமல் பாருங்கள்.

வானிலை. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களிலும் சித்திரை, வைகாசியிலும் விடியற்காலையே புழுக்கமாக இருக்கும். வியர்வை காயாமல் வழியும். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். மார்கழியில் ஓடிய வேகத்தை வைகாசியில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தூக்கம். பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது. படுக்கையை விட்டு எழும் முன் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். உங்கள் வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள்.

காய்ச்சல். காய்ச்சலோடு ஓடவே கூடாது. விட்ட பிறகும் முதல் வாரம் நடை, அடுத்து மெது ஓட்டம். படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தால் முதல் பகுதிக்குப் போங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போடக் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான்.

மாத்திரை. பிபிக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவை சாப்பிட்டால் நாடித் துடிப்பு வழக்கம்போல ஏறாது. கடிகாரம் காட்டும் ஹார்ட் ரேட் கணக்கெல்லாம் உங்களுக்குச் செல்லாது. கொழுப்பு மாத்திரை ஆரம்பித்த பிறகு இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்தால் டாக்டரிடம் சொல்லி சிபிகே ரத்தப் பரிசோதனை (தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டுவது) கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரும்புச்சத்து. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிற, உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களிடம் இது சர்வசாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பின் அளவு) அடிமட்டத்தில் இருக்கலாம், அதனால் இரண்டையும் பாருங்கள். மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை என்று ஒரு அக்கா வந்தார். விசாரித்தால் மாத்திரையை டிகிரி காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேர விடாது. ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சை ஜூஸோடு போடச் சொன்னேன். ஆண்களுக்கு இரும்புச்சத்து குறைந்தால் மாத்திரை வாங்குவதோடு நிறுத்தக் கூடாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

பி12, தைராய்டு, சுகர். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். மேலே உள்ள எல்லாம் சரி என்றான பிறகு இந்த மூன்றுக்கும் செலவு செய்யுங்கள்.

### வலி இல்லை, சோர்வு இல்லை, ஆனால் நேரம் மட்டும் குறையவில்லை

மெது ஓட்டத்தை வேகமாக ஓடுகிறீர்கள், அதனால் வேக ஓட்டத்தன்று வேகம் வரவில்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அது மெது ஓட்டம் இல்லை. குழுவில் இளவட்டம் ஒன்று முன்னால் போனால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு இன்டர்வல் அல்லது டெம்போ (ஒரே சீரான வேக ஓட்டம்), ஒரு லாங் ரன், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. ஐம்பதில் அவ்வளவுதான் உடம்பு தாங்கும். மாஸ்டர்ஸ் (மூத்தோர்) போட்டிகளில் 35-லிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிக்கிறார்கள். 49-ல் போராடிக்கொண்டிருப்பவர் 50-ஐத் தொட்டதும் அந்தப் பிரிவின் இளைஞர்.

## ஓடும்போது கை நடுங்குகிறது, குபீரென்று வேர்க்கிறது

சுகருக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நின்று, குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ மூன்று ஸ்பூன் போடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் கருவியில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும். கடலை மிட்டாய் இதற்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அடுத்த நாளே டாக்டரிடம் ஓட்ட நேரத்தைச் சொல்லி மாத்திரை அளவை மாற்றுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம்.

## தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அப்போது மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. தலைவலி, வாந்தி, குழப்பம் சேர்ந்தால் ஆஸ்பத்திரி.

தசைப்பிடிப்பு போட்டியின் கடைசியில் மட்டும் வந்தால், பெரும்பாலும் பயிற்சிக்கு மீறிய வேகத்தில் தொடங்கியதுதான் காரணம். இரவில் படுக்கையில் வந்தால், பிபிக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் வெப்பத் தாக்கு. 108 வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, பம்புசெட்டோ குழாயோ எது பக்கத்தில் இருக்கிறதோ அந்தத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி. அதுவும் ஓடும் முன் வலி மாத்திரை போட்டிருந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

## மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி

ஐப்பசி, கார்த்திகையில் ரோடு முழுகினால் தண்ணீரில் இறங்கித்தான் ஓடுவோம். விரலிடுக்கில் வெடிப்போ கொப்புளம் உடைந்த புண்ணோ இருந்தால் அந்த நாள் ஓட வேண்டாம். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) கிருமி அந்தப் புண் வழியாக உள்ளே போகும்.

தண்ணீரில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி என்று வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட வரும். டாக்டரிடம் போய் "ஞாயித்துக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓடினேன், அதான் கால் வலி" என்று நாமே காரணத்தைச் சொல்லி அவரைத் திசைதிருப்பிவிடக் கூடாது. எந்தத் தேதியில், எந்த ஊர்ப் பக்கம், எவ்வளவு நேரம் தண்ணீரில் நின்றீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கண்ணோ தோலோ மஞ்சளாகிவிட்டால், சிறுநீர் குறைந்துவிட்டால், மூச்சு வாங்கினால் காலை ஓபிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.